அரைக் கிண்ணத் தேநீர்

தோக்தாரின் ஆண்டு நினைவு விருந்தில் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதவன் ஷிங்கிஸ். தோக்தாருடைய அக்காள் மகன். அழ உரிமை உள்ளவன்தான். நரித்தோல் தொப்பியைக் கழற்றாமல், இடுப்பு வாரில் பதித்த வெள்ளித் தகடுகள் குலுங்க, "மாமா, என்னை இப்படி அநாதையா விட்டுட்டுப் போயிட்டியே மாமா" என்று வெளிக்கதவில் ஆரம்பித்தவன், விருந்துக் கூடாரம்வரை குரலை இறக்கவில்லை. போன வருஷம் உடலை எடுத்த அன்று அவன் துருக்கியில் கடற்கரையில் படுத்துக்கிடந்தான். அங்கிருந்து துக்கம் இந்த ஊர் வந்துசேர ஒரு வருஷம் பிடித்திருக்கிறது.

தோக்தாரின் மனைவி உல்மெகென் தேநீர் ஊற்றியபடியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணீர் தன் பாட்டுக்குக் கன்னத்தில் இறங்கியது. கண்கள் மட்டும் முற்றத்து மூலையில் வைக்கோல்மேல் சுருண்டிருந்த நாயின் மேல் இருந்தன. விலாவை அளந்தன, தொடையை அளந்தன. அழுகையையும் அளவையும் ஒரே நேரத்தில் செய்ய வல்லவன். வெளிக்கதவை வழக்கம்போல ஆவென்று திறந்து போட்டுவிட்டு வந்திருந்தான். பிறந்ததிலிருந்து ஒரு கதவைச் சாத்தியவனில்லை. அவனுக்குப் பின்னால் யாராவது சாத்துவார்கள்.

அவன் எதற்கு வந்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவர்கள் வட்டாரமான கெகென் பக்கத்தில் தாய்மாமன் வீட்டில் மருமகனுக்கு மூன்று கேட்பு உண்டு. பெரியவர்கள் முன்னால் வாய்விட்டுக் கேட்டால், குதிரையோ கழுகோ நாயோ, மாமன் வீடு மறுக்கக் கூடாது. மறுத்தால் அந்த வீட்டின் பேச்சுக்கு அப்புறம் மதிப்பில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அதைவிடக் கேவலம். நல்ல மருமகன்கள் மூன்றையும் கேட்காமலே கிழவனாகிச் செத்துப்போவார்கள். ஷிங்கிஸ் மீசை முளைக்கும் முன்பே ஒரு குதிரைக்குட்டியைக் கேட்டு வாங்கி, பனி உருகுவதற்குள் விற்றுவிட்டான். கல்யாணத்தின்போது தோக்தாரின் வெள்ளி வாரைக் கேட்டான். இப்போது அழுகைக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது அதுதான். மூன்றாவது மிச்சம் இருந்தது.

நாயின் பெயர் அக்தோஸ். தாஸி என்னும் வேட்டைநாய் இனத்துப் பெட்டை; ஒல்லி உடம்பு, நீண்ட கால், மார்பில் மட்டும் வெள்ளை. தோக்தார் சில குளிர்காலங்கள் அல்மாட்டி நகரத்தில் நாய் பழக்கும் பள்ளி ஒன்றில் காவல் வேலை பார்த்தான். திரும்பி வரும்போது கோட்டுக்குள் இந்தக் குட்டியையும் மண்டைக்குள் ஒரு கொள்கையையும் வைத்துக்கொண்டு வந்தான். நாயை அடிக்கக் கூடாது, அதட்டக் கூடாது, ஏவவும் கூடாது. நமக்கு வேண்டியதை அது தானாகச் செய்யும்வரை காத்திருக்க வேண்டும். செய்த கணத்தில் நாக்கைச் சொடுக்கி, ஒரு துண்டு குர்த் கொடுக்க வேண்டும். கல்லாகக் காய்ந்த தயிர் உருண்டைதான் குர்த். அங்கே எவன் சட்டைப் பையிலும் கிடப்பது.

ஊர் சிரித்தது. நாயைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததெல்லாம் சங்கிலியும் பூட்ஸ் காலும்தான். "என்ன தோக்தார், உன் பொண்ணுக்கு எப்போ பரீட்சை?" என்று கேட்டார்கள். கேட்டவர்களின் நாய்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டால் எதிர்த்திசையில் ஓடின. அதில் சிரிக்க ஏதோ இருப்பதாக அவர்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

ஒரு குளிர்காலத்தில் தோக்தார் அதற்குக் கதவு சாத்தக் கற்றுக்கொடுத்தான். உல்மெகென் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எதையும் முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பாள். அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தாள். நாய் தற்செயலாகக் கதவுப் பக்கம் பார்த்தது: சொடுக்கு, குர்த். பிறகு பார்வைக்குக் கிடைக்கவில்லை. உடம்பைத் திருப்பியபோதுதான் கிடைத்தது. பிறகு ஒரு அடி வைத்தபோது. பிறகு மூக்கு பலகையில் பட்டபோது. நாய் ஏமாந்து வேறெங்காவது பார்த்தால் தோக்தார் கூரையைப் பார்ப்பான். கோபமில்லை; வெறுமனே கடை மூடிவிட்டது போல ஒரு முகம்.

"'சாத்து'ன்னு சொல்லிக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினா வேலை முடிஞ்சுடுமே" என்றாள் அவள்.

"முடியும். ஆனா அது என் வேலை. இப்ப அது தன்னோட யோசனைன்னு நெனச்சுக்கிட்டிருக்கு. தன் யோசனைய யாராவது விட்டுக்குடுப்பாங்களா?"

அன்று மாலைக்குள் அக்தோஸ் மூக்கால் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, தானே கண்டுபிடித்த விஞ்ஞானி மாதிரி வாலை ஆட்டியது.

சாப்பாடும் அப்படித்தான். தட்டில் கொட்டிய வழக்கமே இல்லை. பழைய கம்பளித் துண்டுக்குள் இறைச்சித் துணுக்கைச் சுருட்டி, முடிச்சுப் போட்டு, வைக்கோலுக்குள் ஒளித்து வைப்பான். "வயிறு மட்டுமா பசிக்குது? மூக்குக்கும் புத்திக்கும் பசிக்காதா?" என்பான். அவன் போனபிறகு நாய் வெளிக்கதவைப் பார்த்தபடி கிடந்தது. தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. உல்மெகெனும் ஏறக்குறைய அப்படியே. பக்கத்து வீட்டு ஷாம்ஷியா கொண்டுவந்த சூப்பு ஆறி, மேலே கொழுப்பு வெள்ளையாகக் கட்டி நின்றது. ஒரு நாள் காலையில் அவள் எழுந்து அந்தக் கம்பளித் துண்டைத் தேடி எடுத்து, ஒரு குர்த்தை வைத்துச் சுருட்டி நாயின் முன்னால் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். சொல்லவும் இல்லை, தூண்டவும் இல்லை. வெகுநேரம் கழித்து நாய் மூக்கை நீட்டியது. முடிச்சை அவிழ்க்க அது பாடுபட்ட நேரம் முழுக்க அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவிழ்ந்தபோது தன் வாயிலும் ஒரு குர்த் கரைந்துகொண்டிருப்பதைக் கண்டாள். அந்த வீட்டில் மறுபடி அடுப்பு மூட்டியது அப்படித்தான்.

விருந்தில், ஓதி முடித்துக் கையை முகத்தில் தடவிய கையோடு, ஷிங்கிஸ் எழுந்து நின்றான். அவன் தலைவராக இருக்கும் வேட்டைப் பாரம்பரியச் சங்கத்தின் சார்பில் ஒருவன் கைப்பேசியை உயர்த்திப் படமெடுத்தான்.

"பெரியவங்க எல்லாரும் இருக்கீங்க. மாமாவோட ஞாபகமா எனக்கு ஒண்ணு வேணும். மூணாவது கேட்பு. அந்த நாயைக் கேக்கறேன்."

குலத்தில் மூத்தவரான முகித் கிழவர் தாடியைத் தடவிக்கொண்டு உல்மெகெனைப் பார்த்தார். மற்றவர்கள் இறைச்சியைப் பார்த்தார்கள். தோக்தார் உயிரோடு இருந்தபோது சிரித்த அத்தனை பேரும் அன்று காலையிலிருந்து அவனை மாதிரி நாய் பழக்க இனி ஒருவன் பிறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒருவர் வாயும் திறக்கவில்லை. திறந்த வாய்கள் மெல்வதற்குத் திறந்தவை.

"கேட்டுட்ட. எடுத்துக்கோ" என்றாள் உல்மெகென். எழுந்து போய் நாயின் கழுத்திலிருந்த பின்னல் பட்டையை அவிழ்த்தாள். தோக்தார் கையால் பின்னியது. "விலங்கு போனாலும் கயிறு வீட்டுல தங்கணும். பட்டை எனக்கு."

"வச்சுக்கோங்க அத்தே. பட்டை எதுக்கு? ஆம்பள கூப்பிட்டா நாய் வரும்." விரலை மடித்து விசிலடித்தான்.

அக்தோஸ் ஒரு காதை மட்டும் தூக்கியது. அவன் தட்டிலிருந்து ஒரு பெரிய கொழுப்புத் துண்டை எடுத்து நீட்டினான். நாய் எழுந்து மரியாதையாக வந்து, வாங்கித் தின்றுவிட்டு, திரும்பிப் போய் வைக்கோலில் படுத்துக்கொண்டது. கூடாரத்தில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள். ஷிங்கிஸின் காது சிவந்தது. "படத்தை நிறுத்துடா" என்று பின்னால் பார்த்துக் கத்தினான். வண்டியிலிருந்து கயிறு வந்தது. கயிறு இறுகியதும் நாய் நாலு காலையும் ஊன்றி, அவளைப் பார்த்தது.

இழுபடுவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. நாக்கைச் சொடுக்கி, தானே முன்னால் நடந்து, வண்டியின் பின்கதவுவரை கூட்டிக்கொண்டுபோய் ஏற்றினாள். நாய் ஏறி உட்கார்ந்து, குர்த் கிடைக்கும் என்று காத்திருந்தது. கொடுத்தாள். வண்டி போனது. வெளிக்கதவு திறந்தே கிடந்தது.

முதல் பனி விழுந்ததும் ஷிங்கிஸின் சங்கம் பள்ளத்தாக்கில் நாய்ப் பந்தயம் வைத்தது. முயலைக் கூண்டிலிருந்து விடுவார்கள், நாய்களை அவிழ்ப்பார்கள், எது முந்துகிறதோ அதன் எஜமானன் அன்றைக்கு மனிதன். உல்மெகென் போகக் கூடாது என்றுதான் இருந்தாள். ஷாம்ஷியா கையைப் பிடித்து இழுத்துப் போனாள். போகும்போது பட்டையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டது ஏன் என்று அவளைக் கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

ஷிங்கிஸ் கேமராவுக்கு முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருந்தான். அக்தோஸின் கழுத்தில் கறுப்பாக, தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா வைத்த பட்டை. "நம்ம மாமா ரொம்ப நல்லவர். ஆனா நாய்க்குத் தயிர் குடுத்து வளத்துட்டார். ஒழுக்கம் இல்லை. நான் அல்மாட்டியில இருந்து ஆள் கூட்டிட்டு வந்தேன். உத்தரவு குடுக்கறதுக்கு முன்னால அது முயலைப் பார்த்துச்சுன்னா, இந்த பட்டனை ஒரு அழுத்து. சின்ன ஷாக்தான். இப்ப பாருங்க, மெஷின் மாதிரி நிக்கும்."

உல்மெகெனுக்குக் கேட்டமாத்திரத்தில் புரிந்துவிட்டது. பள்ளியில் எத்தனையோ மண்டைகளுக்குள் அமிலத்தையும் காரத்தையும் ஏற்றியவளுக்கு இது கடினமில்லை. முயலைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தில் இடி விழுந்தால், நாய் எதைக் கற்றுக்கொள்ளும்? ஷிங்கிஸ் எங்கோ பின்னால், பையில் கை விட்டுக்கொண்டு நிற்கிறான். இடி எங்கிருந்து வருகிறது என்று நாய்க்கு யார் சொல்வது? அதன் கண்முன்னால் இருப்பது முயல் ஒன்றுதான்.

கூண்டு திறந்தது. மற்ற நாய்கள் பனியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன. அக்தோஸ் முயலைப் பார்த்தது. அடுத்த கணம் வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்து, முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டது. உடம்பு முழுக்க நடுங்கியது.

"ஏய் ஷிங்கிஸ், மெஷின்ல சார்ஜ் தீந்துடுச்சு போல!" என்று ஒருவன் கத்தினான்.

"முயல் அத சாப்பிட்டுடும்டா, தூக்கிக்கோ!"

பள்ளத்தாக்கே சிரித்தது. ஷிங்கிஸ் சிரிக்காமல் பட்டனை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். நாய் கத்தியது, ஆனால் எழவில்லை. அவன் அது பக்கமே போகாமல், வேலைக்காரனைப் பார்த்து, "வண்டியில தூக்கிப் போடு" என்றான். முகித் கிழவரைக் கடந்தபோது, எல்லாருக்கும் கேட்கும்படி, "கெட்ட சரக்கைத் தலையில கட்டிட்டாங்க தாத்தா. ஓடாத நாய்க்குச் சோறு தண்டம். ஒரு தோட்டா போதும்" என்றான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஷாம்ஷியா புலம்பினாள். "போய்க் கேளுங்கக்கா. கால்ல விழுந்தாவது கேளுங்க. பாவம் வாயில்லா ஜீவன்."

"கேக்கக் கூடாது ஷாம்ஷியா. குடுத்ததைத் திருப்பிக் கேட்டா தோக்தார் பேரு போயிடும். அதுவாவது போகட்டும். எனக்கு அது வேணும்னு தெரிஞ்சா அவன் தருவானா? அவனுக்கு வேண்டாததா இருந்தாலும், அடுத்தவனுக்கு வேணும்னா அவனுக்கு வேணும்."

"அப்ப என்னதான் பண்ணப் போறீங்க?"

உல்மெகென் நடையை எட்டிப் போட்டாள். வீட்டுக்குள் வந்ததும் பெட்டிகளுக்கு அடியில் கிடந்த பழைய சேணத்தை இழுத்து வெளியே போட்டாள். தோக்தாரின் அப்பா விட்டுப்போனது. முன்னும் பின்னும் வெள்ளிப் பூவேலை. பார்ப்பவன் கண்ணைப் பறிக்கும். தோக்தார் அதை எடுத்ததே இல்லை. பலகை கோணல், போட்ட குதிரைக்கெல்லாம் முதுகு புண்ணானது. "அழகா இருக்கு, கூட வாழ முடியாது" என்று சொல்லி உள்ளே தள்ளிவிட்டிருந்தான். அவள் வெந்நீரும் சாம்பலும் வைத்து வெள்ளியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

குளிர்காலத்துக்குக் குதிரை அறுத்தால் உறவுகளைக் கூப்பிட்டு முதல் இறைச்சி போட வேண்டும். கூப்பிட்டால் வரவும் வேண்டும். உல்மெகென் ஷிங்கிஸுக்குப் போன் செய்தாள். "நாயையும் வண்டியிலயே கொண்டுவா. எலும்பு நெறைய இருக்கு."

"கொண்டுவரேன் அத்தே. சாப்பிட்டு அப்படியே மேட்டுப் பக்கம் போகணும். துப்பாக்கியும் வண்டியிலதான் இருக்கு." அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "கடைசிச் சாப்பாடு நல்லாப் போடுங்க."

"போடறேன்" என்றாள்.

நடுப்பகலில் வந்தான். கதவைத் திறந்துபோட்டுவிட்டு உள்ளே வந்தான். பின்னால் வந்த ஷாம்ஷியா சாத்தினாள். முகித் கிழவரும் இன்னும் இரண்டு பெரியவர்களும் முன்பே சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஷிங்கிஸுக்கு அவர்களுக்குப் பக்கத்தில் மெத்தை. அதற்கும் சுவருக்கும் நடுவில், ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் இடத்தில், சேணம். ஜன்னலுக்கு வெளியே அவன் வண்டி. பின் கண்ணாடியில் ஒரு மூக்கின் ஈரம் வட்டமாகப் படிந்திருந்தது. உல்மெகென் ஒருமுறை பார்த்தாள். அப்புறம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கெகென் பக்கத்தில் விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத் தேநீர் ஊற்றினால் மரியாதை. இன்னும் இரு, இன்னும் கேள் என்று பொருள். விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். இதைக் கைக்குழந்தையும் அறியும்; வாயால் சொல்லத் தேவையில்லை.

"அந்த நாய் இருக்கே அத்தே," என்று ஆரம்பித்தான் ஷிங்கிஸ், "என் மானமே போச்சு..."

உல்மெகென் அவன் கிண்ணத்தை வாங்கி, விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தாள். முகத்தில் கோபமில்லை. கூரையைப் பார்த்தாள்.

அவன் கிண்ணத்தைப் பார்த்து ஒரு கணம் திகைத்தான். குடித்தான். என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் கண்ணை இப்படியும் அப்படியும் ஓட்டினான். வெள்ளி மின்னியது. கண் அங்கே நின்றது.

"எடுத்துக்கோ மருமகனே" என்று உல்மெகென் உடனே கொழுப்படைத்த இறைச்சிச் சுருளில் நடுத்துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். சிரித்தாள். தேநீர் அரைக் கிண்ணம் வந்தது.

ஷிங்கிஸ் மலர்ந்துபோனான். "பந்தயத்துல பாருங்க, எல்லாப் பயலும்..."

நிறைந்த கிண்ணம். கூரை.

மறுபடி தடுமாறினான், மறுபடி கண் சேணத்துக்குப் போனது. இந்த முறை அவள் பார்வைக்கு எதுவும் கொடுக்கவில்லை. காத்திருந்தாள். அவன் உடம்பைத் திருப்பி, முழங்கையை ஊன்றி, நன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தபோது, "உன் மாமாவுக்கு இருந்த அதே கண்ணு உனக்கு. நல்ல பொருளா இருந்தா அங்க போய் நிக்கும்" என்றாள். இன்னொரு துண்டு. அரைக் கிண்ணம்.

முகித் கிழவர் மெல்வதை நிறுத்திவிட்டார். அவளைப் பார்த்தார்; அவனைப் பார்த்தார். அப்புறம் இன்னும் மெதுவாக மெல்ல ஆரம்பித்தார், நல்ல பந்தயத்தைப் பார்க்கிற ஆள் மாதிரி.

"இது பழசா அத்தே?"

"உன் தாத்தாவோடது." அரைக் கிண்ணம்.

ஷிங்கிஸ் கையை நீட்டி வெள்ளிப் பூவைத் தொட்டான். அவள் தட்டில் இருந்ததிலேயே பெரிய துண்டை, வழக்கமாக மூத்தவருக்குப் போக வேண்டியதை, அவனுக்கு வைத்தாள். முகித் கிழவர் ஆட்சேபிக்கவில்லை. அக்தோஸுக்குக் கதவு சாத்த ஒரு மாலை பிடித்தது. இவனுக்கு ஒரு சாப்பாட்டு நேரம் போதுமானதாக இருந்தது. ஆனால் நாய் அவ்வப்போது நின்று யோசித்தது. இவன் யோசிக்கவே இல்லை.

"என் விடுதியில வரவேற்பு அறைச் சுவத்துல மாட்டினா எப்படி இருக்கும்!" என்றான், தனக்குள் பேசுகிறவன் போல.

உல்மெகென் வாயே திறக்கவில்லை. கொடுக்கவும் இல்லை. தேநீர்ப் பானையின் மூடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"தாத்தா," என்று ஷிங்கிஸ் முகித் கிழவர் பக்கம் திரும்பினான். "ஒரு நியாயம் சொல்லுங்க. ஓடாத நாய் ஒரு நாயா? அது கேட்புல சேருமா? எனக்கு இன்னும் மூணாவது பாக்கி இருக்குன்னுதானே அர்த்தம்?"

கிழவர் தாடியைத் தடவினார். "நாய் வேண்டாம்கறயா?"

"வேண்டாம். அதைக் கணக்குல சேக்காதீங்க. நான் இப்ப மூணாவதா இந்தச் சேணத்தைக் கேக்கறேன். எல்லாரும் கேட்டுக்கோங்க."

"கேட்டோம்" என்றார் கிழவர். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். "நாய் மாமன் வீட்டுக்குத் திரும்பிடுச்சு. சேணம் உனக்கு. மூணு முடிஞ்சுது. இனிமே இந்த வீட்டுல நீ கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. சரியா?"

"சரி!"

உல்மெகென் நாக்கைச் சொடுக்கினாள். தன்னை அறியாமல் வந்துவிட்டது. ஷாம்ஷியா முந்தானை போலத் தலைத்துணியின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

"நல்லாக் கேட்டே மருமகனே. எடுத்துட்டுப் போ" என்றாள் உல்மெகென், கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பியபடி.

அவன் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். அவள் முன்னால் போய் வண்டியின் பின்கதவைத் திறந்தாள். அக்தோஸ் துப்பாக்கிப் பைக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. கறுப்புப் பட்டையைக் கழற்றியபோது, முடிக்கு அடியில் இரண்டு புண் காய்ந்து கறுத்திருந்தன. பழைய பட்டையை அதன்மேல் போட மனம் வரவில்லை. பட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, வண்டியிலிருந்து தள்ளி நின்று, நாக்கைச் சொடுக்கினாள். நாய் உடனே வரவில்லை. நின்றாள். பனியில் கால் விறைக்கும்வரை நின்றாள். பிறகு அது வயிற்றைத் தாழ்த்திக்கொண்டு இறங்கி, அவள் பூட்ஸுக்கு மேல் தலையை வைத்துக்கொண்டது.

கறுப்புப் பட்டையை ஷிங்கிஸிடம் நீட்டினாள். "இது உன் வீட்டுக் கயிறு. விலங்கு போனாலும் கயிறு வீட்டுல தங்கணும். உன் அதிர்ஷ்டம் என்கூட வந்துடக் கூடாது பாரு."

"ஆமாமா" என்று அவன் அக்கறையாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். "நீங்க எப்பவும் எல்லாம் சரியாப் பண்ணுவீங்க அத்தே. அல்லா உங்களுக்கு ஆயுசைக் கொடுக்கட்டும்." சேணத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினான். கடைசிவரை அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தால்கூட அவள் வெட்கப்பட்டிருக்க மாட்டாள்.

உள்ளே வந்தபோது முகித் கிழவர் தன் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். "மருமகளே, எனக்கும் காலையிலேர்ந்து அரைக் கிண்ணம்தான் வருது. என்னையும் எதுக்காவது பழக்கறியா?"

"உங்களுக்கு மரியாதைக்கு ஊத்தறேன் மாமா."

"அப்படித்தான் அவனும் நெனச்சான்" என்றார் கிழவர்.

அதற்குப் பிறகு நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. அக்தோஸ் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. கம்பளிச் சுருளை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கதவு தட்டினால் சிறுநீர் விட்டது. கடிகாரம் டிக்கென்று நகர்ந்தால் கழுத்தைச் சுருக்கிக்கொண்டது. உல்மெகென் கடிகாரத்திலிருந்து மின்கலத்தைப் பிடுங்கினாள். தோக்தார் இருந்திருந்தால் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும்: ஒன்றும் செய்யமாட்டான். அதனால் அவளும் ஒன்றும் செய்யாமல், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கம்பளி நூல் சுற்றினாள். நாய் தலையை ஓர் அங்குலம் வெளியே நீட்டினால் ஒரு குர்த்தை உருட்டிவிடுவாள். மற்றபடி அதைப் பார்க்கவும் இல்லை. பனி உறைந்தது, இன்னும் பெய்தது. ஒரு நாள் காலையில் சுருள் அவிழ்ந்து கிடந்தது. அவள் அதை எடுத்து, முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போட்டாள்.

முயல் பக்கம் அது இனி போகாது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. அவள் முயல் தின்பவளில்லை.

மாசி வாக்கில், வெயில் திரும்பிக்கொண்டிருந்த ஒரு நாள், ஷாம்ஷியா கைப்பேசியை நீட்டியபடி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். "அக்கா, பாருங்களேன்! விடுதிச் சுவத்துல மாட்டியிருக்கான். முன்பக்கம் பின்னாலயும் பின்பக்கம் முன்னாலயும்! எத்தனை பேரு லைக் போட்டிருக்காங்க தெரியுமா?"

உல்மெகென் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். சேணத்தின் கீழே ஷிங்கிஸ், மார்பில் கை கட்டி நின்றான். பின்னால் விடுதியின் கதவு ஆவென்று திறந்திருந்தது. வரவேற்பறைக்குள் பனி அடித்துக்கொண்டிருந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் குளிர் வந்தது. ஷாம்ஷியா அவசரத்தில் கதவைச் சாத்த மறந்திருந்தாள். எழப்போன உல்மெகென் எழாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து அக்தோஸ் வந்தது. கதவைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. அவள் கூரையைப் பார்த்தாள். நகங்கள் பலகையில் கிறீச்சிட்டன. கதவு ஒரு தள்ளில் சாத்திக்கொண்டது.

சொடுக்கினாள். பையில் கை விட்டால் குர்த் இல்லை, தீர்ந்திருந்தது. ஷாம்ஷியாதான் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"பாருங்க, நாய் கத்துக்கிச்சு" என்றாள் ஷாம்ஷியா, படத்தை மறுபடி பார்த்துக்கொண்டு. "அவனுக்கும் ஒரு நாள் கதவு சாத்தக் கத்துக்குடுங்களேன்."

"வேண்டாம்" என்றாள் உல்மெகென். "அவ்வளவு குர்த்துக்கு நான் எங்க போவேன்?"